வாரண்ட் இருக்கா சார்?

சினிமாவுல பார்த்திருப்பீங்க. போலீஸ் கதவைத் தட்டும். ஹீரோ நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு "வாரண்ட் இருக்கா?"ன்னு கேப்பார். இன்ஸ்பெக்டர் ஒரு பேப்பரை எடுத்து நீட்டுவார். ஹீரோ அதைப் படிக்கவே மாட்டார், வழி விட்டுடுவார். சர்ச் வாரண்ட் பத்தி நம்மில் பலருக்கு இருக்கிற சட்ட அறிவு இவ்வளவுதான். எனக்கும் போன வருஷம் வரைக்கும் அவ்வளவுதான் இருந்துச்சு.

போன வருஷம் எனக்குத் தெரிஞ்ச அண்ணன் ஒருத்தரோட ஜெராக்ஸ் கடையில சோதனை. கஸ்டமர் யாரோ போலிச் சான்றிதழ் அடிச்ச கேஸ். மாஜிஸ்திரேட் கையெழுத்தோட வாரண்ட் இருந்துச்சு. கடைக் கம்ப்யூட்டர், ஹார்ட் டிஸ்க், அவரோட செல்போன் எல்லாம் போச்சு. பொண்ணு கல்யாண போட்டோ, பேங்க் மெசேஜ், வீட்டம்மாகூட போட்ட சண்டை எல்லாமே அதுலதான். "வாரண்ட்ல என்னண்ணே எழுதியிருந்துச்சு?"ன்னு கேட்டேன். "அதை யாருப்பா படிச்சா"ன்னார்.

சரி, நாமளாவது படிப்போம்னு சட்டத்தை எடுத்துக்கிட்டு உக்காந்தேன். 1973-ஆம் வருஷத்து குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்தாச்சு. பழைய 93-வது பிரிவு இப்ப 96. பேர் மாறிச்சே தவிர சங்கதி கிட்டத்தட்ட அதேதான்.

மாஜிஸ்திரேட் நினைச்ச மாதிரி வாரண்ட் கொடுத்துட முடியாது. சம்மன் அனுப்பினா இந்த ஆள் பொருளைக் கொண்டுவர மாட்டார்னு நம்பக் காரணம் இருக்கணும். இல்லைன்னா அந்தப் பொருள் யார்கிட்ட இருக்குன்னே தெரியாம இருக்கணும். அதுவும் இல்லைன்னா, விசாரணைக்குப் பொதுவான சோதனை தேவைன்னு கோர்ட் கருதணும். எந்த இடத்துல, எந்தப் பகுதியில மட்டும் தேடலாம்னு வரையறுக்கவும் முடியும். சட்டத்தோட இரண்டாம் அட்டவணையில இருக்கிற மாதிரிப் படிவமே 'பொருளைத் தெளிவாகக் குறிப்பிடுக'ன்னு சொல்லுது. சோதனை நடக்கிறப்போ அக்கம்பக்கத்து ஆட்கள் ரெண்டு பேர் சாட்சியா இருக்கணும், எடுத்ததுக்குப் பட்டியல் போட்டு நகல் கொடுக்கணும். புதுச் சட்டத்துல வீடியோவும் எடுக்கணும்.

கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த வேலியைத் தாண்டினா என்ன ஆகும்? அங்கதான் இடிக்குது.

1962-ல ராதாகிஷன் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொன்னது இது: சோதனை சட்டப்படி நடக்கலைன்னா வீட்டுக்காரர் அதைத் தடுக்கலாம், கோர்ட் அந்த சாட்சியத்தைக் கொஞ்சம் கவனமாப் பார்க்கலாம். அதுக்கு மேல ஒண்ணும் கிடையாது. போலீஸை வாசல்ல தடுத்துட்டு மறுநாள் நிம்மதியா கடை திறக்கிற மவராசன் யாருன்னு எனக்குத் தெரியலை. 1973-ல பூரன்மல் வழக்கு. முறைகேடா எடுத்த ஆவணமா இருந்தாலும், விஷயத்துக்குச் சம்பந்தம் இருந்தா சாட்சியமா ஏத்துக்கலாம்னு சொல்லிட்டாங்க.

இதுல ஒரே ஒரு வேலிக்கு மட்டும் பல்லு இருக்கு. தபால் ஆபீஸ்ல இருக்கிற கடிதம், பார்சல்! அதைத் தேட மாவட்ட மாஜிஸ்திரேட்டோ தலைமை நீதித்துறை மாஜிஸ்திரேட்டோதான் வாரண்ட் தர முடியும். அதிகாரம் இல்லாத வேற மாஜிஸ்திரேட் கொடுத்தா? நடவடிக்கையே செல்லாதுன்னு 507-வது பிரிவு சொல்லுது. பழைய சட்டத்துல 461. அதே சமயம், திருட்டுப் பொருளைத் தேட அதிகாரம் இல்லாத மாஜிஸ்திரேட் நல்லெண்ணத்தில தவறுதலா வாரண்ட் கொடுத்தா, அதுக்காக மட்டும் ரத்து பண்ண முடியாதுன்னு அதுக்கு முந்தின பிரிவு சொல்லுது.

யோசிச்சுப் பாருங்க. தபால் ஆபீஸ்ல கிடக்கிற ஒரு இன்லேண்ட் லெட்டருக்கு இவ்வளவு காவல். கடிதம் அந்தரங்கமானதுன்னு அந்தக் காலத்துச் சட்டக்காரங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. இன்னிக்கு நம்ம கடிதம் எல்லாம் எங்க இருக்கு? சட்டைப் பையில, செல்போன்ல. பத்து வருஷத்துக் கடிதம் மொத்தமா. அதுக்குத் தனிப் பூட்டு எதுவும் இந்தப் பிரிவுல இல்லை.

1954-ல எம்.பி. சர்மா வழக்குல எட்டு நீதிபதிகள், தேடுறதும் கைப்பற்றுறதும் அரசாங்கத்தோட இயல்பான அதிகாரம், அமெரிக்கா மாதிரி அந்தரங்க உரிமை நம்ம அரசியல் சட்டத்துல இல்லைன்னாங்க. 2017-ல புட்டசாமி வழக்குல ஒன்பது நீதிபதிகள் அதைப் புரட்டிப் போட்டு, அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு தீர்ப்பு சொன்னாங்க. நாம எல்லாரும் கைதட்டினோம். ஆனா அதுக்கப்புறம் எழுதின புதுச் சட்டத்துல சம்மன் பிரிவுல 'தகவல் தொடர்புக் கருவி'ன்னு சேர்த்தாங்களே தவிர, அதைத் தேடுற வாரண்டுக்குப் புது வரம்பு வைக்கலை.

"அப்போ குற்றவாளி தப்பிச்சுப் போகட்டுமா?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. போலிச் சான்றிதழ் அடிச்சவன் மாட்டணும், அதுல எனக்கு ரெண்டாவது கருத்து இல்லை. ஆனா அதுக்கு அந்தச் சான்றிதழ் ஃபைலும், அந்த மாசத்துக் கணக்கும் போதுமே. கல்யாண போட்டோ எதுக்கு? நான் கேக்கறது சின்ன விஷயம். போனையோ கம்ப்யூட்டரையோ தேடணும்னா என்ன ஃபைல், எந்தத் தேதியிலேர்ந்து எந்தத் தேதி வரைக்கும்னு வாரண்ட்லயே எழுதணும். அப்படி எழுதாத வாரண்ட், தபால் பார்சல் மாதிரியே செல்லாமப் போகணும். அவ்வளவுதான்.

மாஜிஸ்திரேட் கையெழுத்துங்கிறது போலீசுக்கும் நமக்கும் நடுவுல இருக்கிற கதவு. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லைன்னா அது வெறும் பலகைதான்.

அண்ணனுக்குக் கம்ப்யூட்டர் திரும்பி வந்துடுச்சு. போன் இன்னும் வரலை.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லீங்க, கணக்கு எழுதிப் பொழைக்கிறவன். பதிவர்கள்ல வக்கீல் யாராவது இருந்து, எங்கயாவது தப்பாச் சொல்லியிருந்தா பின்னூட்டத்துல கொட்டிட்டுப் போங்க. திருத்திடறேன்.