முதல் போட்டாச்சு, கணக்கை யார் முடிப்பது?

ரொம்ப நாள் கழித்து ஒரு பதிவு. கொஞ்சம் சூடாத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க.

போன வாரம் எங்க கிளையில் சின்னதா ஒரு வினாடி வினா. "ஃபார்முலா 1 பந்தயத்தில் புள்ளி எடுத்த முதல் இந்தியர் யார்?" நரேன் கார்த்திகேயன் என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, பக்கத்து சீட்டு மலையாளி நண்பர், "அதொரு பாயின்டாணோ சாரே? ஆறு வண்டியே ஓடியுள்ளூ!" என்று சிரித்தார். கூட நாலு பேர் சிரித்தார்கள். கொங்கு நாட்டுக்காரனான எனக்குச் சுர்ரென்று ஏறியது.

நண்பர் சொன்ன தகவல் சரிதான். 2005 ஜூன் 19, அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ். மிஷெலின் டயர் தாங்காது என்று ஏழு அணிகளின் 14 வண்டிகள் ஒரு சுற்றோடு ஓரங்கட்டி விட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட ஃபெராரி, ஜோர்டான், மினார்டி அணிகளின் ஆறு வண்டிகள் மட்டும் ஓடின. ஜோர்டான் வண்டியில் நரேன் நாலாவது. ஐந்து புள்ளி.

ஆனா ஒண்ணு சொல்லுங்க. அந்த ஆறில் முதலாவதாக வந்த ஷூமாக்கரின் வெற்றியை யாராவது கணக்கிலிருந்து எடுத்தார்களா? அவருக்குப் பத்துப் புள்ளி செல்லும், நரேனின் ஐந்து செல்லாதா? இது என்ன கணக்கு? பேரேட்டில் வரவுக்குப் பக்கத்தில் விவரம் எழுதுவோம். விவரம் வேடிக்கையா இருக்கு என்பதற்காக வரவை அடிக்க மாட்டோம்.

பந்தய வரலாறு ஆரம்பித்ததே இப்படி ஒரு வில்லங்கத்தோடுதான். 1895, பாரிஸ் - போர்டோ - பாரிஸ், சுமார் 1,178 கிலோமீட்டர். எமில் லெவாசோர் தூங்காமல் கொள்ளாமல் ஓட்டி 48 மணி 48 நிமிஷத்தில் முதலில் வந்து சேர்ந்தார். அடுத்த வண்டி வர மணிக்கணக்கானது. ஆனால் முதல் பரிசு அவருக்கு இல்லை! விதிப்படி நாலு பேர் உட்காரும் வண்டி வேண்டும், அவருடையது ரெண்டு பேர் வண்டி. பரிசு, மூன்றாவதாக வந்த கோச்லின் என்பவரின் பெஜோ வண்டிக்குப் போனது. புத்தகங்களில் ரெண்டும் இருக்கு. முதலில் வந்தவர் இவர், பரிசு வாங்கியவர் அவர், காரணம் இது. முடிந்தது கதை.

சரி, என் உண்மையான கோபம் அந்த வினாடி வினா மேல் இல்லை. எல்லோரும் "முதல்" மட்டுமே கேட்கிறோம், "கடைசி"யைக் கேட்பதே இல்லை. அதுதான் கோபம்.

நம்ம சோழவரத்தையே எடுத்துக்கோங்க. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம். 1953-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் வந்தது. பல வருஷம் நாட்டின் மோட்டார் பந்தயத்துக்கே சோழவரம்தான் தாய்வீடு. கோவை கரிவர்தன் ஓட்டினார், விஜய் மல்லையா எண்பதுகளில் ஒரு பழைய ஃபார்முலா 1 வண்டியையே கொண்டுவந்து ஓட்டினார். 1990-ல் இருங்காட்டுக்கோட்டை வந்தது. சோழவரத்தில் கடைசியாகக் கோட்டைத் தாண்டிய வண்டி எது என்று எந்த வினாடி வினாவிலாவது கேட்டிருக்கிறார்களா?

இதனால் என்ன நஷ்டம் என்கிறீர்களா? இருக்கு. 2011 அக்டோபர் 30, நொய்டா அருகே இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 பந்தயம். ஊரெல்லாம் கொண்டாட்டம். 2013 அக்டோபர் 27-ல் மூன்றாவது. அதுவே கடைசி. அந்தக் கடைசிப் பந்தயத்தில் ஓட்டியவர்களில் ஒரு இந்தியர்கூட இல்லை. ஏன் நின்றது? உத்தரப் பிரதேச அரசு இதை விளையாட்டாகப் பார்க்காமல் கேளிக்கையாகப் பார்த்து வரி கேட்டது, சுங்க வரித் தொல்லை வேறு. பந்தயம் நின்று நாலாவது வருஷம், 2017 ஏப்ரலில், உச்ச நீதிமன்றம் அந்தப் பந்தயத் தளமே ஃபார்முலா 1 நிறுவனத்தின் நிரந்தரத் தொழிலிடம், ஆகவே இங்கே வரி உண்டு என்றது. தீர்ப்பு சரியா தப்பா என்பது என் வாதம் இல்லை. முதல் வண்டி இறங்கும் முன் தீர்த்திருக்க வேண்டிய விஷயம் இது என்பதுதான் வாதம்.

பாடம் படித்தோமா? 2023 பிப்ரவரி 11, ஹைதராபாத்தில் இந்தியாவின் "முதல்" ஃபார்முலா ஈ. ஆட்சி மாறியது, 2024 பந்தயம் ரத்து. 2023 செப்டம்பரில் "முதல்" மோட்டோஜிபி. 2024-ல் அதுவும் இல்லை. நம்ம ஊரில் முதலுக்கும் கடைசிக்கும் இடைவெளியே இல்லாமல் போச்சு!

பிரெஞ்சுக்காரன் என்ன செய்தான் பாருங்க. 1903 மே மாதம் பாரிஸ் - மாட்ரிட் பந்தயம். மார்செல் ரெனோ உட்படப் பலர் செத்தார்கள். போர்டோவிலேயே நிறுத்திவிட்டார்கள். ஊர்விட்டு ஊர் ஓடும் பெரும் பந்தயங்களின் காலம் அதோடு முடிந்தது. எப்போது, எங்கே, ஏன் என்று எழுதியும் வைத்தார்கள். மூன்றே வருஷத்தில், 1906-ல், அடைத்த சாலைகளில் சுற்றிச் சுற்றி ஓடும் முதல் பிரெஞ்சு கிராண்ட் பிரீ. கடைசியை ஒழுங்காகப் பதிந்ததால் கிடைத்த முதல் அது.

நான் வேலை பார்க்கும் மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டிய பரதேசி ஜெபாலயம் இருக்கு. அது எழுந்த கதை தெரிந்தவருக்கு, அந்த யூதக் குடும்பங்கள் இஸ்ரேலுக்குப் போய்ச் சமூகம் சுருங்கிய கதையும் தெரியும். அதுதான் வரலாறு. முதலை மட்டும் சொன்னால் அது விளம்பரம்.

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1-ல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி, புயலால் தள்ளிப்போன இரவு நேரத் தெருப் பந்தயம் நடந்தது. "இந்தியாவின் முதல்" என்று சுவரொட்டி. தெருப் பந்தயம் ஹைதராபாத்திலேயே நடந்தாச்சு. இங்கே முதல் என்பது "இரவு" மட்டும்தான். அந்த ஒரு வார்த்தையை விடாமல் எழுதுங்கப்பா. கூடவே பணம் யாருடையது, வரி யார் கட்டுவது, ஐந்தாவது வருஷம் யார் நடத்துவது என்பதையும் எழுதுங்க.

தமிழில் ஆரம்பமும் "முதல்", போட்ட பணமும் "முதல்". கடனை முடிக்கிற தேதி எழுதாமல் நாங்க ஒரு ரூபாய்கூடக் கொடுக்க மாட்டோம். பந்தயத்துக்கு மட்டும் எழுதாமல் கொடுத்தால் முதலுக்கே மோசம்தான் :-)

சோழவரம் மண்ணில் நின்று பந்தயம் பார்த்த பெருசுகள் யாராவது இதைப் படித்தால், கடைசியாகப் பார்த்தது எந்த வருஷம், எந்த வண்டி ஜெயித்தது என்று பின்னூட்டத்தில் எழுதுங்க சார். அந்தக் கணக்கை நாமாவது முடிப்போம்.