போட்டி முதலாளிக்கு, தோழமை தொழிலாளிக்கு!

நள்ளிரவு. திண்டிவனம் நெடுஞ்சாலையோரம். பணி முடித்த ஓட்டுநர் ஒருவர், விழுப்புரத்திலே உள்ள வீட்டுக்குப் போக வழி பார்த்து நிற்கிறார். அவர் அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்காரர். வருவதோ தனியார் பேருந்து. பகலெல்லாம் பயணிகளைப் பிடிப்பதிலே இரண்டுக்கும் போட்டி! ஆனால் இரவிலே? "ஏறுங்கண்ணே!" என்றொரு குரல். எஞ்சின் மூடிமேல் இடம் கிடைக்கிறது. இருவரும் பேசிக்கொண்டே ஊர் போய்ச் சேருகிறார்கள்.

எந்தச் சட்டம் இதைச் சொல்லிற்று? எந்தச் சுற்றறிக்கை கட்டளையிட்டது? எதுவுமில்லை. ஒரே உழைப்பு, ஒரே களைப்பு. அதுதான் அந்த இருவரையும் அண்ணன் தம்பியாக்கிற்று.

தோழர்களே, வானத்திலும் இதே காட்சிதான்! விமானி அறையிலே, இரு விமானிகளுக்குப் பின்னால், மடக்கி வைக்கும் இருக்கை ஒன்று உண்டு. 'ஜம்ப் சீட்' என்பார்கள். அமெரிக்காவிலே விமானிகள் பலருக்கு வீடு ஓர் ஊரில், பணி தொடங்கும் ஊர் வேறு. வேலைக்குப் போகவும் வீடு திரும்பவும் அவர்கள் போட்டி நிறுவனத்து விமானத்திலே அந்த இருக்கையைக் கேட்டு ஏறுகிறார்கள். நிறுவனங்களுக்குள் உடன்பாடு உண்டு. அடையாள அட்டையைக் காட்டவேண்டும். இன்னும் பணியில் இருப்பவர்தானா என்று கணினி சரிபார்க்கும். அதோடு முடியவில்லை. தலைமை விமானியிடம் நேரில் சென்று அனுமதி கேட்கவேண்டும். அவர் மறுத்தால் மறுத்ததுதான். இது பிச்சையல்ல, இன்று எனக்கு நீ, நாளை உனக்கு நான் என்ற உழைப்பாளர் ஒப்பந்தம்!

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் விமானி அறைக் கதவுகள் இறுகின. கணினிச் சரிபார்ப்பு வந்த பிறகே அயல் நிறுவனத்தாருக்கு அவை மீண்டும் திறந்தன. 2023 அக்டோபர் 22 அன்று, அந்த இருக்கையில் வந்த ஒரு விமானி, பறக்கும் விமானத்தின் எஞ்சின்களை நிறுத்தும் கைப்பிடிகளைப் பிடித்து இழுத்தார். பணியிலிருந்த இருவரும் அவரைத் தடுத்து, போர்ட்லாந்தில் பத்திரமாக இறக்கினர். எண்பதுக்கும் மேற்பட்டோர் பிழைத்தனர். ஒருவர் செய்த கேட்டுக்காக அந்த ஏற்பாட்டையே ஒழித்துவிடவில்லை.

ஆனால் நாம் இன்னொரு பக்கத்தையும் பார்க்கவேண்டும். 2009 பிப்ரவரி 12 அன்று பஃபலோ நகரருகே ஒரு விமானம் வீழ்ந்தது. மாண்டோர் 50 பேர். அதன் துணை விமானி, முந்தைய இரவு முழுவதும் சியாட்டிலிலிருந்து சரக்கு விமானங்களிலே தொற்றி வந்து, காலையில் நியூவார்க் சேர்ந்து, அன்றிரவே பணியேற்றவர். தலைமை விமானி எச்சரிக்கையைத் தவறாகக் கையாண்டதே காரணம் என்றது விசாரணை. களைப்பு இருவரின் திறனையும் குறைத்திருக்கக்கூடும் என்றும் சொன்னது. இடம் கிடைத்தது, உறக்கம் கிடைக்கவில்லை! கொடுத்த சம்பளமோ, வேலை பார்க்கும் ஊரிலே ஒரு வீடு பிடிக்கப் போதாத சம்பளம். தொழிலாளியின் தோழமை, முதலாளியின் கஞ்சத்தனத்துக்குப் போர்வையாகிவிட்டதே, அதைத்தான் எண்ணிப் பார்க்கச் சொல்கிறோம். பிணங்கள் விழுந்த பிறகு, 2011இல், பணிக்கு முன் 10 மணி நேர ஓய்வு கட்டாயம் என்று அங்கே விதி வந்தது.

இங்கே? விமானிகளின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தி விதி செய்தார்கள். போதிய விமானிகளை ஆயத்தப்படுத்தாத இண்டிகோ நிறுவனம், 2025 டிசம்பரில் ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. பயணிகள் விமான நிலையங்களில் தவித்தனர். யார் பணிந்தது? நிறுவனமா? இல்லை, விதி பணிந்தது! நிறுவனத்துக்குத் தற்காலிக விலக்குத் தந்தார்கள்.

வானத்தை விடுங்கள், நம் தண்டவாளத்துக்கு வாருங்கள். நாலா திசைக்கும் இருப்புப்பாதை பிரியும் சந்திப்பு விழுப்புரம். இது அடங்கிய தெற்கு ரயில்வேயில், 2024 ஜூனில், ரயில் ஓட்டுநர்கள் போராடினார்கள். கோடியா கேட்டார்கள்? அன்றாட ஓய்வான 16 மணியோடு வார ஓய்வாக 30 மணியும் சேர்த்து, 46 மணி நேரம் கேட்டார்கள். தூங்க நேரம் கேட்டார்கள்! ஆயிரம் உயிரைச் சுமந்து செல்பவன் கண்ணயராதிருக்கவேண்டும் என்பது அவன் ஒருவனுடைய நலமா? நம் எல்லோருடைய உயிருமல்லவா?

ஆகவே நாம் சொல்கிறோம். திண்டிவனத்துச் சாலையில் நிற்பவரை ஏற்றிக்கொள்ளும் அந்தக் கை வாழ்க! ஆனால் அந்தக் கையைக் காட்டி, ஓய்வறை கட்டாமல், பணிப்பட்டியலைத் திருத்தாமல், ஆள் சேர்க்காமல் எந்த நிர்வாகமும் தப்பிக்கக்கூடாது, ஆள்வோர் யாராயினும் சரி.

இடம் கொடுப்பது தோழமை. ஓய்வு கொடுப்பது கடமை. முன்னதைத் தொழிலாளி செய்துவிட்டான். பின்னதை நிர்வாகம் எப்போது செய்யப்போகிறது?