கணிப்பொறி படித்தால் மட்டும் போதுமா?

“இணையத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது, ஐயா” என்று என் மாணவர்கள் அடிக்கடி சொல்வதுண்டு. அப்போதெல்லாம் இணையத்தைப் படித்தே அறிவு வளர்த்த ஒரு கணிப்பொறி நிரல் என் நினைவுக்கு வரும்.

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள கார்னகி மெல்லன் பல்கலைக் கழகத்தில், பேராசிரியர் டாம் மிச்செலும் அவர் குழுவினரும் 2010 ஜனவரியில் அதை இயக்கத் தொடங்கினர். அதன் பெயர் ‘நெல்’. நம் வயலில் விளையும் நெல் அன்று. ‘ஓயாமல் மொழி கற்பது’ என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள்!

நகரம், நிறுவனம், விளையாட்டு போன்ற சில நூறு வகைகளையும், ஒவ்வொரு வகைக்கும் பத்துப் பதினைந்து எடுத்துக்காட்டுகளையும் அதற்குக் கொடுத்தார்கள். மற்றவற்றை அது இரவு பகலாகப் படித்தே அறிய வேண்டும். எவ்வாறு? பாரிஸ் ஒரு நகரம் என்று அதற்குத் தெரியும் என்று வைத்துக் கொள்ளுங்கள். ‘பாரிஸின் மேயர்’ என்ற தொடரைப் பல பக்கங்களில் காண்கிறது. அப்படியானால், ‘மேயர்’ என்ற சொல்லுக்கு முன்னால் வருவது நகரமாக இருக்கலாம் என்று ஊகிக்கிறது. அதனால் புதிய நகரங்களை அறிகிறது. அவற்றைக் கொண்டு புதிய தொடர்களை அறிகிறது. வட்டிக்கு வட்டி போல அறிவு பெருகுகிறது.

பிழையும் அப்படியே பெருகுமல்லவா? பெருகியது! ஆங்கிலத்தில் ‘குக்கீ’ என்பது ஒருவகை பிஸ்கட். இணையத்தளங்கள் நம் கணிப்பொறியில் விட்டுச் செல்லும் சிறு கோப்புக்கும் அதே பெயர்தான். ‘இணையக் குக்கீ’யை நெல் தின்பண்டங்களோடு சேர்த்துவிட்டது. ‘குக்கீகளை அழித்தேன்’ என்று படித்தது. ‘கோப்புகளை அழித்தேன்’ என்றும் படித்தது. உடனே கோப்புகளும் தின்பண்டங்களாகிவிட்டன! ஒரு தவறே அடுத்த தவறுக்குச் சான்றாயிற்று. பின்னர் ஆய்வாளர்களே அவ்வப்போது திருத்த வேண்டியதாயிற்று.

சிரிக்கிறீர்களா? எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒருமுறை ஊசல் சோதனையில் பத்து ஏடுகளிலும் ஒரே விடை இருந்தது. ஒருவர் ஊசலின் நீளத்தோடு குண்டின் ஆரத்தைக் கூட்ட மறந்திருந்தார். ஒன்பது பேர் அதைப் பார்த்து எழுதியிருந்தார்கள். பத்து ஏடுகள் இருந்தன, அளவீடு ஒன்றுதான்! இணையத்திலும் ஒரே தவறு ஆயிரம் பக்கங்களில் இருந்தால் அது ஆயிரம் சான்றாகாது.

நெல்லை உருவாக்கியவர்கள் இதை உணர்ந்திருந்தார்கள். தொடர், பட்டியல், சொல்லின் எழுத்தமைப்பு என வெவ்வேறு வழிகளில் ஒவ்வொரு செய்தியையும் அது ஒப்பிட்டுப் பார்க்கும்படி செய்தார்கள். 2018இல் அதனிடம் 12 கோடி செய்திகள் சேர்ந்திருந்தன. ஒவ்வொன்றையும் எவ்வளவு நம்பலாம் என்ற மதிப்பையும் அது குறித்து வைத்திருந்தது.

இன்று நீங்கள் கேள்வி கேட்கும் செயற்கை நுண்ணறிவு நிரல்களும் பெரும்பாலும் படித்தே கற்றவை. அவை சரளமாக விடை சொல்கின்றன. ஆனால் சரளம் சான்றாகாது. அந்தக் கணிப்பொறிக்கு இருந்த ஐயம் உங்களுக்கும் வேண்டும். ஒரு செய்தியை இரண்டு இடங்களில் கண்டால், இரண்டாவது முதலாவதைப் பார்த்து எழுதப்பட்டதா என்று கேளுங்கள். அளந்து பார்க்கக்கூடியதானால், நீங்களே அளந்து பாருங்கள். குண்டின் ஆரத்தைக் கூட்ட மட்டும் மறவாதீர்கள்!