பழைய வீடியோ கேம்களும் ரசிகர் மொழிபெயர்ப்பும்: திருட்டா, தொண்டா?

ஜப்பானிய மொழியில் ஒரு நாவல் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை வேறு மொழியில் கொண்டுவரும் எண்ணம் பதிப்பகத்துக்கு இல்லை. பத்து வருடம் போகிறது, இருபது வருடம் போகிறது. இரண்டு மொழியும் தெரிந்த நாலு பேர் சேர்ந்து, பத்து பைசா வாங்காமல், ராத்திரி கண்விழித்து அதை மொழிபெயர்த்து "இந்தாங்க, படிங்க" என்று கொடுக்கிறார்கள். அவர்களை என்னவென்று சொல்வீர்கள்?

இப்போது நாவல் என்ற இடத்தில் வீடியோ கேம் என்று போட்டுக்கொள்ளுங்கள். அதுதான் இன்றைய விஷயம்.

"மரியோ ஓடுறதுக்கும் குதிக்கிறதுக்கும் மொழி எதுக்குப்பா?" என்று நீங்கள் கேட்பது புரிகிறது. நம் வீடுகளில் டிவி கேம் என்றால் கேசட்டைச் சொருகி மரியோவும் கான்ட்ராவும் ஆடுவதுதான். ஆனால் ஜப்பானில் அதே மாதிரிப் பெட்டிகளில் ஆர்பிஜி என்று ஒரு வகை கேம் கொடிகட்டிப் பறந்தது. முப்பது நாற்பது மணி நேரக் கதை. ஊர் ஊராகப் போய் ஆட்களிடம் பேசவேண்டும், அவர்கள் சொல்வதை வைத்து அடுத்து எங்கே போவது என்று முடிவு செய்யவேண்டும். மொழி தெரியாமல் ஆடுவது சப்டைட்டில் இல்லாமல் குரோசாவா படம் பார்க்கிற மாதிரி. படமாவது நம்மைக் கேட்காமல் தானாக ஓடிவிடும். கேம் அப்படியே நின்றுவிடும்.

இந்த மாதிரி கேம்களில் நிறைய ஜப்பானை விட்டு வெளியே வரவே இல்லை. 16 பிட் கேசட் காலத்தில் மொழிபெயர்ப்புச் செலவுக்கு வரவு வராது என்று கம்பெனிகள் விட்டுவிட்டன. அந்த இடைவெளியில் வந்தவர்கள்தான் ரசிகர் மொழிபெயர்ப்பாளர்கள். அவர்கள் தருவது 'பேட்ச்', அதாவது ஒட்டு.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மொழிபெயர்க்கும் உரிமை படைத்தவருக்குத்தான் முதலில் சேரவேண்டும். அதில் சந்தேகமில்லை. ஆனால் பயன்படுத்தாமலே பூட்டி வைக்கிற உரிமைக்கு ஒரு காலக்கெடு வேண்டும். அந்தக் கெடு தாண்டிய பிறகு ரசிகர்கள் செய்வதைத் திருட்டுப் பட்டியலில் சேர்ப்பது அநியாயம்.

இந்த வேலை எப்படி நடக்கிறது?

கேசட்டுக்குள் இருப்பது ஒரு சிப். அதில் உள்ளதை அப்படியே கணினிக் கோப்பாக எடுத்தால் அதற்கு 'ரோம்' என்று பெயர். அதைத் திறந்தால் வசனம் எதுவும் கண்ணுக்குத் தெரியாது, வெறும் எண்கள்தான். எந்த எண் எந்த எழுத்து என்பதை அந்தந்த கேம் செய்தவர்கள் தங்கள் இஷ்டத்துக்கு வைத்திருப்பார்கள். ரசிகர்கள் இதற்கு ஓர் அழகான வழி கண்டுபிடித்தார்கள். அகரவரிசையில் எழுத்துகளை அடுக்கியிருந்தால், 'அ'வுக்கு என்ன எண் என்று தெரியாவிட்டாலும், 'ஆ' அதைவிட ஒன்று கூடுதல், 'இ' இரண்டு கூடுதல் என்ற வித்தியாசம் மாறாது. திரையில் தெரியும் ஒரு வார்த்தையின் எழுத்து வித்தியாசங்களை மட்டும் வைத்துக் கோப்பு முழுவதும் தேடினால் ஆள் மாட்டிக்கொள்வார். அதிலிருந்து எழுத்துப் பட்டியல் முழுவதையும் போட்டுவிடலாம்.

அதற்குப் பிறகுதான் நிஜமான தலைவலி. விஷம் என்பதற்கு ஜப்பானிய மொழியில் ஒரே ஒரு எழுத்து போதும். ஆங்கிலத்தில் 'பாய்சன்' என்று எழுத ஆறு எழுத்து. ஓர் எழுத்துக்கு ஒதுக்கிய இடத்தில் ஆறை எப்படி அடைப்பது? வசனங்களை வேறு இடத்துக்கு மாற்றி, அவை எங்கே இருக்கின்றன என்று சொல்லும் முகவரிகளையெல்லாம் திருத்தவேண்டும். ஜப்பானிய எழுத்துகள் எல்லாம் ஒரே அகலக் கட்டத்தில் உட்காரும். ஆங்கிலத்தில் 'ஐ' ஒல்லி, 'டபிள்யூ' குண்டு. ஒரே அகலத்தில் போட்டால் பல்லிளிக்கும். அதனால் எழுத்தை வரையும் நிரலையே புதிதாக எழுதுகிறார்கள். அந்தக் கம்பெனியின் மூல நிரலைப் பார்க்காமல், வெளியிலிருந்து பிரித்துப் பார்த்தே இத்தனையும் செய்கிறார்கள்! எந்தக் கல்லூரியில் இதைச் சொல்லித் தருகிறார்கள், சொல்லுங்கள்.

கடைசியில் அவர்கள் வெளியிடுவது கேமை அல்ல. எந்தெந்த இடத்தில் எந்தெந்த பைட் மாறவேண்டும் என்ற பட்டியலை மட்டும். ஐபிஎஸ் என்ற பழைய வடிவத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் மூன்று பைட்டில் முகவரி, இரண்டு பைட்டில் நீளம், அப்புறம் புதிய தகவல். அவ்வளவுதான். மூல கேம் கையில் இல்லாதவருக்கு இந்தப் பட்டியலால் ஒரு பிரயோஜனமும் இல்லை. சட்டை இல்லாதவனுக்குப் பொத்தான் கொடுத்த கதைதான்.

மூன்று உதாரணங்கள்

ஃபைனல் ஃபேன்டஸி 5. ஜப்பானில் 1992இல் வந்தது. ஸ்கொயர் கம்பெனி ஆங்கிலத்தில் வெளியிட்டது 1999இல், பிளேஸ்டேஷனுக்கு. அதற்கு முன்பே ஆர்பிஜிஈ என்ற ரசிகர் குழுவின் ஆங்கில ஒட்டு வந்துவிட்டது. கம்பெனி வெளியிட்ட பதிப்பில் 'வைவர்ன்' என்ற பறக்கும் நாகத்தின் பெயர் 'ஒய் பர்ன்' என்று வந்து இன்றுவரை சிரிப்பாய்ச் சிரிக்கிறது. காசு வாங்கிச் செய்தால்தான் தரம் என்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கவும்.

லைவ் அ லைவ். 1994இல் சூப்பர் ஃபேமிகாமுக்கு வந்த கேம். கற்காலம் முதல் விண்வெளிக் காலம் வரை தனித்தனிக் கதைகளைச் சொல்லிக் கடைசியில் முடிச்சுப் போடும். ரசிகர் ஒட்டு 2001இல் வந்தது. கம்பெனியின் ஆங்கிலப் பதிப்பு புது மெருகோடு 2022இல் வந்தது. 28 வருடம்! பள்ளியில் படிக்கும்போது காத்திருக்க ஆரம்பித்தவருக்கு அதற்குள் பள்ளிக்குப் போகிற பிள்ளை இருந்திருக்கும்.

மதர் 3. இதுதான் உச்சம். ஷிகேசாதோ இதோய் எழுதியது, நின்டென்டோ ஏப்ரல் 2006இல் கேம்பாய் அட்வான்ஸுக்கு வெளியிட்டது. தாயை இழக்கும் ஒரு குடும்பத்தின் கதை. ஆங்கிலப் பதிப்புக்கு அறிகுறியே இல்லாததால், தொழில்முறை மொழிபெயர்ப்பாளரான கிளைட் மாண்டலின் தலைமையில் ஒரு குழு வேலையைத் தொடங்கி அக்டோபர் 2008இல் ஒட்டை வெளியிட்டது. முதல் வாரத்திலேயே ஒரு லட்சம் பேருக்கு மேல் தரவிறக்கிக்கொண்டார்கள். எங்கள் மொழிபெயர்ப்பை இலவசமாகவே தருகிறோம், எடுத்துக்கொள்ளுங்கள் என்று நின்டென்டோவிடம் மாண்டலின் சொல்லியும் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. 2024 பிப்ரவரியில் மதர் 3 ஸ்விட்ச் சந்தாவில் மறுபடி வந்தது. எங்கே? ஜப்பானில் மட்டும்.

வைக்கோல் போரில் படுத்த நாய் தானும் தின்னாது, மாட்டையும் தின்னவிடாது என்று நம் ஊரில் சொல்வார்கள். நான் வேறு விளக்கம் தரவேண்டியதில்லை.

எதிர்க்கட்சி சொல்வது

நியாயமான எதிர்வாதங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. "சட்டப்படி தப்பு." உண்மைதான். பெர்ன் உடன்படிக்கையின் 8ஆம் பிரிவு மொழிபெயர்ப்பு உரிமையைப் படைத்தவருக்கே கொடுக்கிறது. நம் பதிப்புரிமைச் சட்டம் 1957உம் அப்படித்தான். பைட் பட்டியல் என்று சொன்னாலும் அதற்குள் மொழிபெயர்த்த வசனம் இருக்கிறது, அது மூலக்கதையின் வழிநூல். மறுக்கவில்லை. சட்டம் எப்படி இருக்கிறது என்பது ஒன்று, எப்படி இருக்கவேண்டும் என்பது வேறு. என் பேச்சு இரண்டாவதைப் பற்றியது.

2. "ரோமை எங்கிருந்து எடுக்கிறார்கள்?" இதுதான் வலுவான கேள்வி. உங்களிடம் உள்ள கேசட்டிலிருந்து நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று பேட்ச் குழுக்கள் எழுதி வைக்கின்றன. எத்தனை பேர் அப்படிச் செய்வார்கள்? பெரும்பாலோர் எங்கிருந்தாவது இறக்கிக்கொள்வார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கடைக்குப் போனால் கிடைக்கவேண்டுமே! அமெரிக்காவில் 2010க்கு முன் வந்த கேம்களில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. நின்டென்டோவின் வீ கடை 2019இலும், 3டிஎஸ், வீ யூ கடைகள் 2023இலும் மூடப்பட்டன. ஜப்பானியப் பதிப்பின் ரோமை நியாய விலைக்குக் கம்பெனியே விற்றால், ஒட்டு போட ஆசைப்படும் ஒவ்வொருவரும் அதன் வாடிக்கையாளர். விற்கவும் மாட்டேன், மற்றவன் வழி தேடினால் திருடன் என்றால் எப்படி?

3. "கம்பெனியின் வியாபாரம் கெடும்." இருபது வருடம் கடையே திறக்காதவருக்கு என்ன வியாபாரம் கெட்டுவிடும்? நடந்தது நேர்மாறு. ஃபால்காம் கம்பெனி 2010இல் பிஎஸ்பிக்கு வெளியிட்ட ட்ரெயில்ஸ் ஃப்ரம் ஸீரோவை ஜியோஃப்ரன்ட் என்ற ரசிகர் குழு 2020இல் ஆங்கிலத்தில் கொடுத்தது. பிறகு அந்த மொழிபெயர்ப்பையே அடிப்படையாக வைத்து 2022இல் என்ஐஎஸ் அமெரிக்கா அதிகாரபூர்வமாக வெளியிட்டது. அறிவிப்பு வந்ததும் ரசிகர் குழு தன் ஒட்டை விலக்கிக்கொண்டது. சண்டையும் இல்லை, வழக்கும் இல்லை.

வழி என்ன?

இதற்கு ஒரு யோசனை நம் சட்டத்திலேயே இருக்கிறது. 1957 சட்டத்தின் 32ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். ஓர் இலக்கிய அல்லது நாடகப் படைப்பு வெளிவந்து ஏழு வருடம் ஆகியும் ஒரு மொழியில் உரிமையாளர் மொழிபெயர்ப்பை வெளியிடவில்லை என்றால், அந்த மொழியில் கொண்டுவர யார் வேண்டுமானாலும் உரிமம் கேட்கலாம். உரிமையாளரிடம் முதலில் கேட்டு மறுக்கப்பட்டிருக்கவேண்டும், அல்லது தேடியும் அவர் கிடைக்காமல் இருக்கவேண்டும். உரிமம் கிடைத்தால் ராயல்டி கட்டவேண்டும். எவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு! படைத்தவருக்குக் காசும் போகிறது, வாசகனுக்குக் கதையும் போகிறது.

இந்தப் பிரிவு புத்தகங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. படம், இசை, நிரல் எல்லாம் கலந்த வீடியோ கேமுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதன் தத்துவம் பொருந்தும். ஏழு வருடம் போதாது என்றால் பத்து வைக்கட்டும். அதற்குள் கம்பெனி தானே வெளியிடலாம். இல்லையென்றால், கேமை விட்டுவிட்டு ஒட்டை மட்டும் இலவசமாகத் தருகிறவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது. இவ்வளவுதான் கேட்பது.

ரசிகர்கள் பக்கமும் கட்டுப்பாடு வேண்டும். ஒட்டுப்போட்ட ரோமைக் கேசட்டில் ஏற்றிக் காசுக்கு விற்கிறவர்கள் இருக்கிறார்கள். மொழிபெயர்த்தவனுக்கும் பங்கில்லை, படைத்தவனுக்கும் பங்கில்லை. அதுதான் அசல் திருட்டு, அதைக் கண்டிக்கவேண்டும். நல்ல மொழிபெயர்ப்பு அதிகாரபூர்வமாக வந்துவிட்டால் மரியாதையாக ஒதுங்கிக்கொள்வதும் நல்லது, ஜியோஃப்ரன்ட் செய்தது போல.

கடைசியாக ஒன்று. ஒரு தமிழ் வாசகனாகச் சொல்கிறேன். டால்ஸ்டாயையும் தாகூரையும் நம்மில் எத்தனை பேர் மூலத்தில் படித்தோம்? யாரோ உட்கார்ந்து மொழிபெயர்த்ததால்தான் அவர்கள் நம் வீட்டு அலமாரிக்கு வந்தார்கள். ஆங்கிலத்துக்கே 28 வருடம் எடுத்துக்கொண்ட கம்பெனிகள் ஒரு பழைய கேமைத் தமிழில் கொண்டுவரும் என்று காத்திருந்தால் நம் பேரன் காலத்திலும் நடக்காது. என்றைக்காவது மதர் 3 தமிழ் பேசினால் அது நம்மில் நாலு பேர் ராத்திரி கண்விழித்ததால்தான் இருக்கும். 'கொ' என்று எழுத மூன்று துண்டு வரையவேண்டுமே, அந்தக் கட்டத்துக்குள் எப்படி அடைப்பது என்று அவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருப்பார்கள்.

அப்படி உட்காருகிறவர்களைத் திருடர்கள் என்று அழைக்க எனக்கு மனம் வராது. உங்களுக்கு வருமா? வந்தால் ஏன் என்று சொல்லுங்கள், பேசுவோம்.