நாங்கல்லாம் செத்துட்டமா?

2024 அக்டோபர் 6, மெரினா ஏர் ஷோ. ரஃபேலுக்கு விசிலடிச்ச கூட்டம், பழைய டகோட்டா நிதானமா வந்தப்பவும் கை தட்டுச்சு. நான் சேலையூர்ல பக்கத்து வீட்டு மாமாவோட டிவியில பாத்துட்டிருந்தேன். விமானப்படையில ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவர்.

"எஞ்சின் சுத்தமா ஓடுதுடா. எங்க ரெடி பண்ணாங்க?"

"இங்கிலாந்துல மாமா, கவென்ட்ரியில."

கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "ஏன், நாங்கல்லாம் செத்துட்டமா?"

நியாயமான கேள்விங்க. அந்த விமானத்து மேல எனக்குக் கோபம் இல்ல. ராஜீவ் சந்திரசேகர், டகோட்டா ஓட்டின தன் அப்பா நினைவா காசு போட்டுப் புதுப்பிச்சு விமானப்படைக்குக் கொடுத்தார். 2018ல 'பரசுராமா'ன்னு பேர் வெச்சாங்க. 1947 அக்டோபர் 27ல ஸ்ரீநகர்ல படைகளை இறக்கின டகோட்டாவோட எண், விபி 905, அதுல எழுதியிருக்கு. எல்லாம் நல்ல விஷயம். ஆனா ஸ்பானர் பிடிச்ச கை மட்டும் நம்மளுது இல்ல!

நமக்கு வராத வேலையா இது? போர் முடிஞ்சு போறப்போ, மறுபடி பறக்கக்கூடாதுன்னே சேதப்படுத்தி கான்பூர்ல விட்டுட்டுப் போன லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களை, 1948லேர்ந்து பெங்களூர் ஹெச்.ஏ.எல். ஆளுங்க 40க்கு மேல எடுத்துப் பறக்க விட்டாங்க. 1968 வரைக்கும் பறந்துச்சு. அதுல ஒண்ணு இன்னிக்கு லண்டன் ஆர்.ஏ.எஃப். மியூசியத்துல நிக்குது. இன்னொரு விஷயம், லிபரேட்டர்லயும் டகோட்டாவுலயும் ஒரே குடும்பத்து எஞ்சின்தான்: பிராட் அண்ட் விட்னி ட்வின் வாஸ்ப், 14 சிலிண்டர்.

"பழைய இரும்புக்கு எதுக்குய்யா காசு?"ன்னு சில நண்பர்கள் கேப்பீங்க. இரும்பில்லைங்க, அலுமினியம். கேட்டுக்கு முன்னாடி தூண்ல ஏத்தி வெச்சா நம்ம உப்புக்காத்து தின்னுடும். அதை விடுங்க. ரிவெட்டைப் பிரிச்சு உள்ள அரிப்பு பாக்குறது, சுக்கானுக்குத் துணி போர்த்தி இழுத்துத் தைக்கிறது, பிஸ்டன் எஞ்சினைக் காதால கேட்டே கோளாறு சொல்றது - இதெல்லாம் புஸ்தகத்துல பாதிதான் இருக்கு. மீதி மாமா மாதிரி ஆளுங்க கையில இருக்கு. அவங்களோட போயிடும்.

ஃப்ளையிங் இன்ஸ்ட்ரக்டர்ஸ் ஸ்கூல் 1954லேர்ந்து தாம்பரத்துலதான் இருக்கு. ரயில்ல ரெண்டு ஸ்டேஷன் தள்ளி குரோம்பேட்டை எம்.ஐ.டி., கலாம் விமானப் பொறியியல் படிச்ச இடம். அங்க நிறுத்தியிருந்த ரெண்டு பழைய விமானங்கள்தான் தன்னை இழுத்துச்சுன்னு அவரே எழுதியிருக்கார். பசங்க இருக்காங்க, பெருசுங்க இருக்காங்க, ஓடுபாதையும் இருக்கு. நாளைக்கே பறக்கச் சொல்லலை. ஒரே ஒரு எஞ்சினைக் கொட்டகையில வெச்சு, பெருசுங்க ஸ்டூல்ல உக்காந்து சொல்லச் சொல்ல, பசங்க பிரிச்சுக் கோக்கட்டும். அது ஓடினதும் அடுத்ததைப் பேசலாம்.

கை தட்டினது போதும். மாமாவுக்கு 78 வயசு. அவர் கேட்ட கேள்விக்கு அவர் இருக்கும்போதே பதில் சொல்லணும், அவ்ளோதான்.