வேலை செய்யும் கை வேறு... காவல் காக்கும் கண் வேறு!

ஞாயிற்றுக்கிழமை காலை. வாசலில் சும்மா கிடக்கிற பத்தடி மண்ணை இன்றைக்கு எப்படியும் தோட்டமாக்கிவிடுவது என்று மண்வெட்டியோடு இறங்குகிறீர்கள். சமையலறையிலிருந்து குரல் வருகிறது. ‘‘குழந்தை வெளியிலதான் விளையாடுது... கொஞ்சம் பார்த்துக்கங்க!’’

‘‘நான் இங்கதானே இருக்கேன்!’’ என்கிறீர்கள்.

இந்த மூன்று வார்த்தையை மட்டும் நம்பாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நானும் அப்படிச் சொன்னவள்தான். என் பேரனுக்கு அப்போது இரண்டரை வயது. ரோஜாப் பதியன் வைக்கக் குழி தோண்டிக் கொண்டிருந்தேன். அவன் எனக்குப் பின்னால், நாலடி தூரத்தில். குழியில் ஒரு செங்கல் துண்டு மாட்டிக்கொண்டது. அதை நெம்பி எடுக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? மிஞ்சிப் போனால் ஐந்து நிமிஷம். திரும்பிப் பார்க்கிறேன்... காம்பவுண்டு ஓரத்து மஞ்சள் அரளியின் பச்சைக் காயைக் கடித்துக்கொண்டு நிற்கிறான்!

பக்கத்து வீட்டு மாமி உப்புத் தண்ணீரோடு ஓடி வந்தார். மருமகள் அதைத் தடுத்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். ராத்திரி முழுக்க அந்தச் சின்ன நெஞ்சில் வயர்களை ஒட்டி, இதயத் துடிப்பைக் கவனித்தார்கள். நல்லவேளை, உள்ளே எதுவும் போகவில்லை. மறுநாள் சிரித்துக்கொண்டே வீடு திரும்பினான். அரளியின் விஷம் இதயத் துடிப்பையே தாறுமாறாக்கிவிடும் என்று டாக்டர் சொன்னபோதுதான் எனக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. பூஜைக்குப் பூ வேண்டுமே என்று அந்தச் செடியை வைத்தவளே நான்தான்!

நாலடி தூரத்தில் இருந்தேன். ஆனால் பார்த்துக்கொண்டா இருந்தேன்? மண்ணைக் கொத்துகிறவர் கண் மண்ணில்தான் இருக்கும். குழந்தையைப் பார்ப்பது ஓர் உபரி வேலை இல்லை. அதுவே முழு வேலை. இரண்டையும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் செய்ய முடியாது.

‘‘நாங்கள்லாம் மண்ணுல புரண்டு வளரலையா?’’ என்று கேட்பீர்கள். வளர்ந்தோம். ஆனால் அப்போது திண்ணையில் தாத்தா, வாசலில் பாட்டி, கிணற்றடியில் அத்தை என்று எத்தனை கண்கள்! இன்றைக்கு வீட்டில் இருப்பதே இரண்டு பெரியவர்கள். ஒருவர் அடுப்படியில், இன்னொருவர் குழியில் என்றால், காவலுக்கு யார்?

இதற்குப் பயந்து சிலர் வாசல் முழுக்க சிமென்ட் போட்டு விடுகிறார்கள். அது தப்பு. நம் மாநிலத்தில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது 2003-ல். மண்ணையே மூடிவிட்டால் தண்ணீர் எங்கே இறங்கும்? ஓடி விளையாட, மண்ணில் கை வைக்க, புழு பூச்சியைப் பார்த்து ஆச்சரியப்பட, குழந்தைக்கும் கொஞ்சம் பூமி வேண்டும். தோட்டம் வேண்டும். ஆனால் வேலையின் வரிசையை மாற்ற வேண்டும். செடி வாங்குவது கடைசி வேலை!

முதலில் தண்ணீர்: சம்ப் மூடியை ஆட்டிப் பாருங்கள். ஆடினால் இன்றே மாற்றுங்கள். சேகரிப்புத் தொட்டி, குழி மூடிகளையும் பாருங்கள். செடிக்கு ஊற்றிய பாதி வாளித் தண்ணீரை அப்படியே விட்டுப் போகாதீர்கள். தவழுகிற, நடை பழகுகிற குழந்தைக்குத் தலை பாரம் அதிகம். வாளியில் தலைகுப்புற விழுந்தால் எழத் தெரியாது. சத்தமும் வராது.

அடுத்தது, ஏற்கெனவே இருக்கிற செடிகள்: அரளி, ஊமத்தை, ஆமணக்கு, குண்டுமணி, செங்காந்தள் எல்லாமே விஷம். சிவப்பும் கறுப்புமாக அழகாக இருக்கிற குண்டுமணியைக் கடித்து மென்றால் உயிருக்கே ஆபத்து. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வையைப் பாதிக்கும். அழகுக்காகத் தொட்டியில் வைக்கிற டைஃபென்பாக்கியா இலையைக் கடித்தால் நாக்கும் வாயும் எரிந்து வீங்கும். குழந்தைக்கு ஐந்தாறு வயது ஆகிற வரைக்குமாவது இவை வாசலில் வேண்டாம். பூஜைக்குச் செம்பருத்தியும் மல்லிகையும் துளசியும் போதாதா?

மூன்றாவது, மருந்தும் கருவியும்: பூச்சி மருந்தைக் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைப்பது நம் வீடுகளில் சர்வ சாதாரணம். 2013 ஜூலையில் பீகாரின் சாரண் மாவட்டத்தில் மதிய உணவு சாப்பிட்ட 23 பள்ளிக் குழந்தைகள் இறந்துபோனார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்கிற பூச்சி மருந்து கலந்திருந்தது. விஷத்துக்கும் உணவுக்கும் பாத்திரம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட என்ன சொல்ல? வீட்டுத் தோட்டத்துக்கு வேப்பெண்ணெய்க் கரைசல் போதும். அதையும் எட்டாத உயரத்தில் வையுங்கள். கடப்பாரை, களைக்கொத்து, கத்தரி எல்லாம் வேலை முடிந்ததும் உள்ளே போகட்டும்.

நான்காவது, கொசுவும் புழுவும்: டெங்கு பரப்புகிற ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், கடிப்பதும் பெரும்பாலும் பகலில். தொட்டிக்கு அடியில் வைக்கிற தட்டை வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். கொக்கிப்புழு வெறுங்காலின் தோல் வழியாகவே உடம்புக்குள் நுழையும். அதனால் மண்ணில் இறங்கினால் செருப்பு, ஏறினால் சோப்பு! தடுப்பூசி அட்டையை எடுத்து, டெட்டனஸ் பூஸ்டர் விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இவ்வளவும் முடிந்ததா? இனி மண்வெட்டியை எடுக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை. ஒருவர் வேலை செய்யும்போது இன்னொருவர் கையில் மண்வெட்டியும் வேண்டாம், செல்போனும் வேண்டாம். ஆள் இல்லையா? குழந்தை தூங்குகிற நேரத்தில் குழி வெட்டுங்கள். தோட்டம் ஒரு வாரம் தாமதமானால் குடி முழுகிவிடாது. குழந்தை விழித்திருக்கும்போது, அதற்கும் செய்யத் தெரிந்த வேலையை மட்டும் செய்யுங்கள். விதை தூவட்டும், சின்னக் குவளையில் தண்ணீர் ஊற்றட்டும். கீரை விதை நாலைந்து நாளில் முளைத்துவிடும். அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே!

வாயில் போட்டுவிட்டால்...

* வாயில் மிச்சம் இருப்பதை விரலால் மெதுவாக எடுத்து, துடைத்துவிடுங்கள்.

* உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர், சோப்புத் தண்ணீர் எதுவும் வேண்டாம். வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

* ‘நல்லாத்தானே இருக்கான்’ என்று காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

* தின்ற செடியின் கிளையையோ காயையோ கையோடு கொண்டு போங்கள்.

* செடியின் பால் கண்ணில் பட்டால், சுத்தமான தண்ணீரால் கால் மணி நேரம் கழுவிவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

எங்கள் வாசலில் அரளி இருந்த இடத்தில் பிறகு அரைக்கீரை போட்டோம். விதைத்தது பேரன்தான். நான் படியில் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தேன்.

‘‘பாட்டி, நீ வேலை செய்யலையா?’’ என்றான்.

‘‘செஞ்சுக்கிட்டுத்தான்டா இருக்கேன்!’’ என்றேன்.