நாணமும் நலமும்

பெண்பிள்ளை பூப்பெய்திவிட்டாள் என்றால் நம்மவர் இல்லங்களில் அஃது ஊரறிந்த செய்தியாகிவிடும். பாலறுகு வைத்து நீராட்டுதல், ஆராத்தி, மாமன் மாமியின் சீர்வரிசை, உழுத்தங்களி, நல்லெண்ணெயும் முட்டையும், போதாக்குறைக்கு இக்காலத்தில் வீடியோப் படப்பிடிப்பு என்று யாவும் குறைவின்றி நிறைவேறும். ஆனால், அடுத்த மாதம் அப்பிள்ளை எதனை அணிந்தாள், அதனை எத்தனை மணி நேரத்திற்கொருமுறை மாற்றினாள், துவைத்த துணியை எங்கே உலர்த்தினாள் என்று வினவுவார் மிகச் சிலரே. பந்தலிட்டுக் கொண்டாடியதனைப் பின்னர் வாய்விட்டுப் பேச நாணுகின்றோம். இந்நாணத்தினால் விளையும் கேட்டினையும், அதனைத் தவிர்க்கும் வழியினையும் இவ்வாரம் கூற விழைகின்றோம்.

மாதவிடாய்க் காலத்திற்கென இன்று துணி, சுகாதாரத் துவாய், பஞ்சுத்திரி, கிண்ணம் என நால்வகைப் பொருள்கள் உள. இவற்றுள் எது சிறந்தது என்று கேட்பார் பலர். முறையாகப் பயன்படுத்தின் நான்கும் நல்லவையே. முறை தவறின் நான்கும் தீங்கு செய்யக்கூடியவையே. ஈரமும் உடற்சூடும் ஓரிடத்தில் நெடுநேரம் தங்குமாயின் அங்கே கிருமிகள் பெருகும். ஆதலால், விலையினும் பெயரினும் முக்கியமானவை மூன்று: உரிய நேரத்தில் மாற்றுதல், மாற்றுமுன்னரும் பின்னரும் சவர்க்காரமிட்டுக் கைகழுவுதல், மீண்டும் பயன்படுத்தும் பொருளாயின் அதனை முற்றாகத் தூய்மை செய்தல்.

முதலிற் துணியை எடுத்துக்கொள்வோம். நம் பாட்டிமார் பயன்படுத்திய பருத்தித் துணியை இழிவென எண்ண வேண்டியதில்லை. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் துவாய்களின் விலை ஏறியபோது துணியை மீண்டும் நாடிய குடும்பங்கள் பல. நன்கு உறிஞ்சும் மெல்லிய பருத்தித் துணியே ஏற்றது. அதனை 4 முதல் 6 மணி நேரத்திற்கொருமுறை மாற்றுதல் வேண்டும். முதலிற் குளிர்ந்த நீரில் அலசிப் பின் சவர்க்காரமிட்டுத் துவைக்க வேண்டும். சுடுநீரை முதலில் ஊற்றினாற் கறை படிந்துவிடும். பின்னர் நேரான வெயிலில் உலர்த்த வேண்டும். இங்கேதான் நாணம் குறுக்கிடுகின்றது. பிறர் கண்ணிற் படலாகாது என்று அலுமாரியின் பின்னும், குளியலறை மூலையிலும், வேறு ஆடைகளின் அடியிலும் துணியை மறைத்து உலர்த்துகின்றனர். வெயிலும் காற்றும் படாத துணி, காய்ந்ததுபோலத் தோன்றினும் உள்ளே ஈரம் கொண்டிருக்கும். அத்துணியே அரிப்பிற்கும் தோற்புண்ணிற்கும் காரணமாகலாம். கார்த்திகை, மார்கழி மழைக்காலத்தில் வெயில் கிட்டாதாயின், காற்றோட்டமான இடத்தில் உலர்த்திச் சூடான ஸ்திரிக்கைப் பெட்டியால் அழுத்தி எடுத்தல் நன்று. ஒருவரது துணியை மற்றவர், உடன்பிறந்தவரேயாயினும், பயன்படுத்தலாகாது.

அடுத்தது, கடைகளில் வாங்கும் சுகாதாரத் துவாய். இதன் நடுவே மரக்கூழும், நீரை ஈர்த்துக் கூழ்போலாக்கும் நுண்மணிகளும் உள்ளன. அடியிற் பிளாஸ்டிக் படலம் உண்டு. மேற்பரப்பு உலர்ந்தே இருப்பதால், இன்னும் மாற்ற வேண்டியதில்லை என்று பிள்ளைகள் எண்ணிவிடுகின்றனர். மாணவியர் பலரின் நாளை எண்ணிப் பாருங்கள். காலை 6 மணிக்கு அணிந்த துவாயுடன் பாடசாலை செல்கின்றனர். பாடசாலை விட்டதும் பிரத்தியேக வகுப்பிற்குப் போகின்றனர். வீடு திரும்ப மாலையாகிவிடுகின்றது. மலசலகூடத்தில் நீரில்லை, குப்பைக்கூடை இல்லை, கதவிற்குத் தாழ்ப்பாள் இல்லை என்பதனால் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கும் பிள்ளைகளும் உளர். சிறுநீரை அடக்குவது வேறொரு நோய்க்கு வழிகோலும். போக்குக் குறைவாயினும் 4 முதல் 6 மணி நேரத்தில் துவாயை மாற்றுதலே முறை. வாசனையூட்டியவற்றை விலக்குக; அவை மென்மையான தோலை உறுத்தக்கூடும். பயன்படுத்தியதைத் தாளிற் சுற்றிக் கூடையில் இடவேண்டும்; மலசலகூடக் குழியில் இட்டால் அடைத்துக்கொள்ளும்.

மூன்றாவது, 'டாம்பன்' என வழங்கும் பஞ்சுத்திரி. இஃது உடலினுள்ளே வைக்கப்படுவதாகலின் மிகுந்த கவனம் வேண்டும். 1980 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இளம்பெண்கள் பலரைக் கடுமையான நச்சு நோயொன்று தாக்கியது, உயிரிழந்தோரும் உளர். ஸ்டபிலோகொக்கஸ் ஒரியஸ் எனும் கிருமியின் நஞ்சே அதன் காரணம். மிகுதியாக உறிஞ்சும் திரிகளோடு அந்நோய்க்குத் தொடர்பிருந்தமை தெரியவந்தது. 'ரிலை' எனும் திரி அவ்வாண்டு செப்டெம்பரிற் சந்தையிலிருந்து மீளப்பெறப்பட்டது. இன்று அந்நோய் மிக அரிது. எனினும், தேவைக்குப் போதுமான மிகக் குறைந்த உறிஞ்சுதிறனுடைய திரியையே தெரிந்தெடுத்தல் வேண்டும். 8 மணி நேரத்திற்கு மேல் வைத்திருத்தலாகாது. கடைசித் திரியை எடுக்க மறத்தலுமாகாது. திடீரெனக் கடுங்காய்ச்சல், வாந்தி, வயிற்றோட்டம், மயக்கம், வெயிலிற் கருகியதுபோன்ற தோற்சிவப்பு ஆகியன தோன்றின் உடனே திரியை அகற்றி வைத்தியசாலைக்கு விரைக.

நான்காவது, சிலிக்கோனாலான கிண்ணம். 2019 இல் 'லான்செட் பப்ளிக் ஹெல்த்' இதழில் 43 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய ஆய்வாளர், இது பாதுகாப்பானது என்றே கண்டனர். 12 மணி நேரத்திற்குள் வெறுமையாக்கிக் கழுவ வேண்டும். ஒவ்வொரு மாதவிடாயின் முன்னும் பின்னும் கொதிநீரில் இட்டெடுக்க வேண்டும். கருப்பையுட் சாதனம் பொருத்தியோர் வைத்தியரைக் கேட்டே பயன்படுத்துக. திரியாலும் கிண்ணத்தாலும் கன்னிமை கெடும் என்று அஞ்சும் தாய்மார் உளர். கன்னிமை என்பது ஒரு பொருளால் அழிவதன்று. ஆயினும் விரும்பாத பிள்ளையை வற்புறுத்தலும் தகாது. துவாயும் துணியும் அவளுக்குப் போதுமானவையே.

எப்பொருளைப் பயன்படுத்தினும், உறுப்பின் உட்புறத்தைச் சவர்க்காரத்தாலோ கிருமிநாசினியாலோ கழுவலாகாது. வெளிப்புறத்தைத் தூய நீராற் கழுவினாற் போதும். 7 நாட்களுக்கு மேல் போக்கு நீடித்தாலோ, மணிக்கொரு துவாய் வீதம் தொடர்ந்து நனைந்தாலோ, துர்நாற்றமோ அடிவயிற்றில் ஓயாத வலியோ இருந்தாலோ வைத்தியரிடம் காட்டுக. 'பெண் பிறந்தால் இதெல்லாம் இருக்கும்' என்று பிள்ளையின் வாயை அடைத்தல் கூடாது. இரத்தசோகை அவ்விதம் மறைந்தே வளர்கின்றது.

இந்நாட்டில் இறக்குமதித் துவாய்களின் மீதான வரி 2018 இல் நூறு விழுக்காட்டையும் கடந்து நின்று, பின்னர் குறைக்கப்பட்டது. 2024 இல் பாடசாலை மாணவியர்க்குத் துவாய் பெற வவுச்சர் வழங்கும் திட்டம் வந்தது. அரசு செய்ய வேண்டியவை இன்னும் உள. எனினும், வீட்டிலே நாம் செய்ய வேண்டியவற்றிற்குச் சட்டம் எதுவும் தேவையில்லை. தாய்மார் மகளின் புத்தகப்பையில் மாற்றுத் துவாய் இரண்டும், ஓர் உள்ளாடையும், ஒரு தாளுறையும் வைத்தனுப்புக. தந்தையர் கடைக்குச் செல்லும்போது சீனி, தேயிலையோடு இதனையும் கூச்சமின்றி வாங்கிவருக. அதிபர்களும் ஆசிரியர்களும் மாணவியர் மலசலகூடத்தில் நீர், சவர்க்காரம், மூடியுள்ள கூடை, உறுதியான தாழ்ப்பாள் ஆகிய நான்கும் உளவா என்று நாளையே சென்று பார்ப்பாராக. முற்றத்தில் வெயில் படும் இடத்தில் ஒரு கொடியைக் கட்டி, 'பிள்ளை, இங்கே காயப்போடு' என்று தாய் கூறுவாளாயின், மகளின் அச்சத்திற் பாதி அன்றே நீங்கும்.